டொக்டர் சொன்னதில் பாதி

சிலாபத்து டொக்டர் என் வயிற்றில் ஸ்கேன் கருவியை உருட்டிக்கொண்டே நெடுநேரம் பேசினார். எல்லாம் சிங்களத்தில். என்னுடைய சிங்களம் மீன் வாங்கவும் பஸ்ஸில் இறங்கவும் மட்டும்தான் காணும். என் கணவர் ஆலங்குடாவிலிருந்து சிலாபம் சந்தைக்குக் கருவாடு கொண்டுபோகிறவர், சிங்களத்திலேயே பேரம் பேசி ஆளை மடக்கிவிடுவார். தலையாட்டிக் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"பரவாயில்லையாம்."

"அவ்வளவுதானா? அந்த மனுசன் பள்ளியில செய்றமாதிரி ஒரு பயானே செஞ்சாரே!"

"புள்ளைட தலையில தண்ணி கொஞ்சம் கூடவாம். சரியாகிருமாம்."

வரும் வழியில் நான் கேட்காமலே கச்சான் கடலையும் அன்னாசித் துண்டும் வாங்கித் தந்தார். கருவாட்டு யாவாரி கேட்காமல் எதையும் கொடுக்கமாட்டார் என்று அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

அடுத்த ஸ்கேனுக்குப் போனபோது, கரைத்தீவிலிருந்து வேலைக்கு வரும் நர்ஸ் ஒருவர் தமிழில் விளக்கினார். பிள்ளையின் மூளைக்குள் தண்ணீர் நிற்கும் இடம் அகன்றிருக்கிறது. சில பிள்ளைகள் ஒரு குறையுமில்லாமல் வளரும். சில பிள்ளைகளுக்கு நடையும் பேச்சும் பிந்தும், வலிப்பும் வரலாம். எது என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது.

"போனமுறையும் டொக்டர் இதத்தானே சொன்னவர்?" என்றார்.

வெளியே வந்ததும் கணவரைப் பிடித்துக்கொண்டேன். "சொமக்கிறது நான். எனக்கே மறைக்கிறீங்களா?"

"சொல்லத்தான் வாயெடுத்தன். ஒன்ட மொகத்தப் பாத்ததும் முடியல்ல" என்றவர், சனத்துக்கு நடுவிலேயே அழுதுவிட்டார். எனக்குக் கோபம் ஆறவில்லை. இனி ஒரு சொல்லும் குறையாமல் சொல்வதாக அல்லாஹ் மீது சத்தியம் வாங்கினேன்.

மகள் பிறந்தாள். ஏழாம் நாள் முடி இறக்கியபோது, எங்களோடு இருக்கும் என் வாப்பா அந்த மொட்டைத் தலையைத் தடவிப் பார்த்தார். உப்பளத்தில் காய்த்துப்போன கை, பூவைத் தொடுவதுபோலத் தொட்டது. "மாஷா அல்லாஹ், தல நல்லாத்தானே இரிக்கு. டொக்டர்மார் சும்மா பயங்காட்டிட்டாங்க" என்றார். எனக்கும் அதை நம்பத்தான் ஆசை. ஆனால் ஒரு வயதாகியும் அவள் தானாக உட்காரவில்லை. "சோம்பேறி, வாப்பாவப்போல" என்று மருமகனைச் சாட்டிச் சிரித்தார் வாப்பா.

போன மாதம் மறுபடியும் சிலாபம். பிள்ளைகள் டொக்டரும் நீளமாகத்தான் பேசினார். கணவர் மகளை மடியில் வைத்துக்கொண்டு, நிறுத்தி நிறுத்தி எல்லாவற்றையும் சொன்னார்.

"நடப்பாவாம், ஆனா பிந்துமாம். பயிற்சிய விடக்கூடாதாம். கதைபேச்சு வரலாமாம்." அவள் அவருடைய தாடியை இழுத்துச் சிரித்தாள். "வராமலும் போகலாமாம்."

பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன். இந்த முறையும் கச்சான் வாங்கித் தந்தார்.

வீட்டு வாசலில் வாப்பா காத்து நின்றார். அவரைக் கண்டதும் மகள் என் தோளிலிருந்து பாய்ந்தாள். அவளை வாங்கிக்கொண்டு, "டொக்டர் என்ன சொன்னாரு மகள்?" என்று கேட்டார்.

எல்லாம் என் வாயில்தான் இருந்தது. அவர் முகத்தைப் பார்த்தேன்.

"பரவாயில்லையாம் வாப்பா" என்றேன்.