முடிவுக்குக் கீழே காரணம் எழுதியவர்

களுவாஞ்சிக்குடியிலிருந்து தர்சினியின் தங்கை தொலைபேசியில் அழைத்தாள். "நஸீர் நானா, அக்கா போயிட்டா" என்றாள். தர்சினியைப் போலவே அவளும் என்னை அண்ணன் முறையில் 'நானா' என்றுதான் அழைப்பாள். தர்சினி கடுஞ்சுகவீனமாக இருந்தது அவருடன் வேலை செய்த எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் அன்று முழுவதும் என்னால் வேலை செய்ய முடியவில்லை.

சுனாமிக்குப் பிறகு, இடம்பெயர்ந்த குடும்பங்களைப் பதியும் மென்பொருளொன்றை மட்டக்களப்பில் நாங்கள் சிலர் சேர்ந்து உருவாக்கினோம். காணாமற்போனவரைக் குறிப்பிட்ட காலத்தின் பின் கணினி தானாகவே 'இறந்தவர்' என்று மாற்றவேண்டும் என்று நான் வாதாடினேன். காத்தான்குடியில் என் தங்கையைக் கடல் கொண்டுபோயிருந்தது. உடல் கிடைக்காததால் அவளுடைய பிள்ளைகளுக்கு உதவி வந்துசேரவில்லை. தர்சினி ஒத்துக்கொள்ளவில்லை.

"ஒராள் செத்துட்டார் எண்டு மெசின் சொல்லக்கூடா நானா."

பின்னேரம்வரை வாதாடினோம். கடைசியில் என் பக்கமே முடிவானது. மென்பொருளோடு வைத்திருந்த குறிப்பில், அந்த முடிவுக்குக் கீழே என் காரணத்தை, நான் சொன்னதைவிடத் தெளிவாக, தர்சினியே எழுதினார். தன் மறுப்பையும் எழுதினார். 'இது கடல் கொண்டுபோனவர்களுக்கு மட்டும். வேறு விதமாகக் காணாமற்போனவர்களுக்குப் பொருந்தாது' என்றும் சேர்த்தார். இவ்வளவும் எதற்கு என்று கேட்டேன்.

"என்ன செஞ்ச எண்டது புரோகிராமில கிடக்கும். ஏன் செஞ்ச எண்டது நம்மட தலைக்குள்ளதான் கிடக்கு. மறுகா, நாம போனப்புறகு வாற ஆக்கள் ஆரிட்டக் கேக்கிற?"

யுத்தம் முடிந்ததும், முகாம்களிலிருந்து வந்த குடும்பங்களையும் அதே மென்பொருளில் பதியத் தொடங்கினார்கள். பழைய குழுவில் தர்சினியும் நானும்தான் மிச்சம். யுத்தத்தில் காணாமற்போனவர்களையும் கணினி தானாகவே 'இறந்தவர்' என்று மாற்றிவிடும், அந்த விதியை எடுக்கவேண்டும் என்றேன். "ஒழுங்கா வேலை செய்யிறத ஏன் மாத்தவேணும்?" என்றார் புதிய பொறுப்பாளர். வாகரையிலிருந்து, யுத்தம் நடந்த வன்னிக்குப் போன தர்சினியின் தம்பியும் காணாமற்போனவர்களில் ஒருவன்; அவரே இதைப் பேசவேண்டி வரக்கூடாது என்று நினைத்தேன். ஆகவே நான் அந்தக் குறிப்பைத் திரையில் திறந்து வாசித்தேன். அன்று கடலுக்காக நான் சொன்ன காரணம் இந்த மனிதர்களுக்குச் செல்லாது என்றேன். பொறுப்பாளர் அந்தக் குறிப்பைத் தானும் ஒருமுறை வாசித்தார். பிறகு, "அப்ப எடுத்துடுங்க" என்றார்.

விதியை நீக்கியது தர்சினிதான். முடித்துவிட்டு, "கடல் எண்டா அழுது முடிச்சிருப்பன் நானா" என்றார்.

தம்பியைப் பற்றி எந்தச் செய்தியும் வரவில்லை. அவன் இருக்கிறானா இல்லையா என்பது தெரியாமலேயே தர்சினியும் போய்விட்டார்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது ஒரு பழக்கம். கூட்டத்தில் என் பக்கம் வென்றால், மறுத்தவரை நிறுத்தி, அவருடைய காரணத்தை இன்னொரு முறை சொல்லச்சொல்லி எழுதிக்கொள்கிறேன். எழுதி முடிக்கும்போது, நான் வென்றதாக எனக்குத் தோன்றுவதில்லை.