அன்அவேர் என்றார்கள் என்னை

ஆங்கிலத்தில் எனக்கு வாயில் நுழையாத சொற்கள் நிறைய உண்டு. கேட்டாலே கோபம் வருகிற சொல் ஒன்றுதான்: அன்அவேர். அகராதியைப் புரட்டினால் சாதுவாகத்தான் படுத்திருக்கும். 'அறியாத, உணராத' என்று இரண்டு வார்த்தையில் முடித்துவிடுவார்கள். அறியவிடாமல் செய்தது யார் என்று எந்த அகராதிக்காரரும் எழுதியதில்லை.

அதன் உறவுக்காரச் சொற்கள் இரண்டு எங்கள் வீட்டில் தாராளமாகப் புழங்கின. பஸ்ஸின் போர்டைப் படிக்கத் தெரியாமல் நிற்கிற பெண்களை என் அண்ணன் 'இக்னரன்ட்' என்று திட்டுவார். அவரை நான் காக்கா என்று கூப்பிடுவேன். என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடம் அதே காக்கா, "தங்கச்சி ரொம்ப இன்னசென்ட்" என்று பெருமையாகச் சொன்னார். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். ஒன்று வசவு, ஒன்று பாராட்டு, ஆனால் இரண்டிலும் இவளிடம் எதையும் சொல்லத் தேவையில்லை என்பது ஒளிந்திருந்தது.

பத்தாம் வகுப்போடு என்னை நிறுத்திவிட்டார்கள். ஏர்வாடிப் பக்கத்தில் அன்றைக்கு அதுவே அதிகம். ஆனால் ஜித்தாவிலிருந்து என் கணவர் கொண்டுவருகிற கண்ணாடிக் குவளைகளை ஆங்கிலப் பேப்பரில் சுற்றியிருப்பார். குவளைகள் அலமாரிக்குப் போகும், பேப்பரை நான் நீவி எடுத்துவைத்துக்கொள்வேன். பள்ளிக்கூடத்து அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சமையல் முடிந்த மத்தியானங்களில் படிப்பேன். இதை நான் மறைக்கவில்லை. யாரும் கவனிக்கவில்லை, அவ்வளவுதான்.

தொண்ணூறுகளின் நடுவில், எனக்கு முப்பது வயது இருக்கும்போது, உதிரப்போக்கு நிற்காமல் மாதக்கணக்கில் படுத்தியது. இரண்டு பெண் பிள்ளைகள் அப்போது எனக்கு. ராமநாதபுரத்தில் பார்த்துவிட்டு மதுரைக்குப் போகச் சொன்னார்கள். என்னைப் பெற்ற உம்மாவும் காக்காவும் கூட வந்தார்கள். "சின்னக் கட்டிதான். எடுத்துட்டா சரியாயிரும்" என்றாள் உம்மா, என் முகத்தைப் பார்க்காமல்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பெரிய நோய் என்றால் வீட்டுக்குத் தெரியும், தெருவுக்குத் தெரியும், ஆட்டோ ஓட்டுகிறவருக்கும் தெரியும். நோயாளிக்கு மட்டும் வாய்வு என்றும் சூடு என்றும் சொல்லிவைப்பார்கள். பாசத்தில் செய்வதுதான், இல்லை என்று சொல்லவில்லை. அந்தப் பாசம் இப்போது என் கட்டிலைச் சுற்றி நின்றது.

ஆபரேஷனுக்கு முந்தைய நாள் டாக்டரம்மா ரவுண்ட்ஸ் வந்தார். நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தேன்.

"பேஷன்ட் இஸ் அன்அவேர்?" என்று காக்காவிடம் கேட்டார்.

"யெஸ் டாக்டர். பட் ஹஸ்பண்ட் நோஸ். ஹி ஹேஸ் அக்ரீட்."

கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற மனிதருக்கு என் வயிற்றைப் பற்றித் தெரிந்திருக்கிறது. சம்மதமும் கொடுத்துவிட்டார். வயிற்றைச் சுமந்துகொண்டு படுத்திருக்கிற எனக்குத் தெரியாது. எழுந்து உட்கார்ந்தேன்.

"அன்அவேர் ஆஃப் வாட், டாக்டர்?"

ஆங்கிலம் தெரியாத உம்மா, "என்ன சொல்றா இவ?" என்று எல்லோர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

டாக்டரம்மா நல்லவர்தான். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து தமிழில் சொன்னார். கட்டி ஒன்றல்ல, பல. எடுக்கப்போவது கட்டியை மட்டுமல்ல, கர்ப்பப்பை முழுவதையும். மாத்திரையில் கொஞ்ச நாள் தள்ளலாம், ஆனால் அதிக நாள் தள்ள முடியாது.

"அப்ப நாளைக்கு வேண்டாம். நான் யோசிக்கணும்" என்றேன்.

"நீ ஒடைஞ்சு போயிருவேன்னுதான் சொல்லல" என்றார் காக்கா.

"ஒடையப்போறது நான்தானே காக்கா. ஒடைஞ்சுட்டுப் போறேன்."

மறுநாள் பஸ் ஏறி ஊருக்கு வந்துவிட்டோம். வாய்க்காரி என்று தெருவில் பேர் வாங்கினேன். கணவர் போனில், "நல்லதுக்குத்தானே செஞ்சோம்" என்றார். "மச்சான், உங்க பல்லைப் புடுங்குறதா இருந்தாலும் உங்ககிட்ட கேட்டுத்தானே புடுங்குவாக?" என்றேன்.

உடையாமல் இருந்தேன் என்று பொய் சொல்லமாட்டேன். மூன்றாவதாக ஒரு பிள்ளை பெற வேண்டும் என்று எனக்கு ஆசை இருந்தது. அதற்கு மனசுக்குள் பேரும் வைத்திருந்தேன். அந்தப் பிள்ளைக்காகப் பல நாள் தொழுகைப் பாயிலேயே உட்கார்ந்து அழுதேன். அழுது முடித்த பிறகு, காக்காவைக் கூப்பிட்டு மதுரைக்குப் போகலாம் என்று நானே சொன்னேன்.

அதே டாக்டரம்மா, அதே ஆபரேஷன். முடிந்ததும் காக்கா கேட்டார்: "இதுக்கா இம்புட்டு ஆட்டம் போட்ட? அன்னிக்கே செஞ்சிருக்கலாமே?"

ஆமாம், இதற்குத்தான். முடிவு மாறவில்லை என்று இன்றைக்கும் என்னை மடக்குகிறவர்கள் உண்டு. என்னிடமிருந்து போவது எது என்று தெரிந்து, போ என்று சொல்லி அனுப்பினேன். அன்றைக்கே செய்திருந்தால் அது களவு போயிருக்கும். இந்த வித்தியாசம் புரியாதவர்களுக்கு விளக்கிச் சொல்ல எனக்குப் பொறுமை கிடையாது.

மூன்றாம் நாள் காலையில் காக்கா டீ குடிக்கப் போயிருந்தார். உம்மா கட்டிலின் ஓரத்தில் வந்து உட்கார்ந்து, என் காதருகே குனிந்தாள்.

"அந்த டாக்டரம்மாட்ட எனக்கும் ஒன்னு கேட்டுச் சொல்றியா?"

"என்ன உம்மா?"

சேலையைக் கொஞ்சம் விலக்கிக் காட்டினாள். அடிவயிற்றில் குறுக்கே நீளமாக ஒரு தழும்பு. அத்தனை வருஷமும் அவளோடு ஒரே வீட்டில் இருந்திருக்கிறேன், நான் அதைப் பார்த்ததே இல்லை.

"நீ பொறந்து ரெண்டு மூனு வருசத்துல அறுத்தாக. என்னத்த எடுத்தாகன்னு உங்க வாப்பா சொல்லல. நானும் கேக்கல. அதுக்குப் பொறவு புள்ளையும் இல்ல, தீட்டும் இல்ல. என்னத்தடி எடுத்திருப்பாக?"

என்னால் ஊகிக்க முடிந்தது. என்னிடம் மறைக்கச் சொன்னவர்களில் முதல் ஆள் இவள்தான். அந்தக் கோபம் எல்லாம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை.

டாக்டரம்மா வந்ததும் உம்மா வழக்கம்போல எனக்குப் பின்னால் ஒதுங்கினாள். நான் அவள் கையைப் பிடித்து முன்னால் இழுத்தேன்.

"நீங்களே கேளுங்க உம்மா" என்றேன்.

அவள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு கேட்டாள்.