அவள் இல்லாத தெருப்படங்கள்

ஸ்ரீவில்லிபுத்தூரில் அந்தக் காலத்தில் போட்டோ என்றால் நான்தான். ராஜபாளையத்தில் ஒருவர் இருந்தார், இல்லை என்று சொல்லவில்லை. அவர் எடுத்த படத்தில் மாப்பிள்ளை யார், மாமனார் யார் என்று கண்டுபிடிக்க முடியாது. நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஒரு வெள்ளைக்காரப் பாதிரியாருக்குக் கேமராப் பெட்டி சுமந்து, அவர் செய்வதைப் பார்த்தே தொழிலைப் பிடித்தேன். உலகச் சண்டைக்கு முந்திய வருஷங்களில் எங்கள் தெருவை நான் எடுத்த மாதிரி இந்த ஜில்லாவில் ஒருத்தனும் எடுத்ததில்லை. அந்தக் கண்ணாடிப் பிளேட்டுகளில் தெருவே இருக்கிறது. என் வீட்டுக்காரி மட்டும் ஒன்றில்கூட இல்லை. அவள் முகம் எனக்கு வேண்டும். அதைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

எனக்குச் சோறு போட்டது சாவுப் படம். கிறிஸ்தவர்களான எங்கள் வேதக்கார ஜனங்களுக்குள் அது வழக்கம். இறந்தவரைப் பெட்டியில் கிடத்தி, தலைமாட்டைக் கொஞ்சம் உயர்த்தி, குடும்பம் சுற்றி நிற்க ஒரு படம் எடுத்த பிறகுதான் கல்லறைக்கு எடுத்துப் போவார்கள். உயிரோடு படம் எடுத்தால் ஆயுசு குறையும் என்கிற பயம் இந்துக்களுக்கும் இருந்தது, எங்களுக்கும் இருந்தது. கூமாப்பட்டியிலிருந்து தேவதானம் வரை எந்த வேதக்கார வீட்டில் சாவு என்றாலும் எனக்குத்தான் ஆள் வரும். நான் ஸ்டாண்டைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினாலே, "ஏலே, யாரு வீட்டுல?" என்று தெருவில் கேட்பார்கள்.

ஆனால் என் மனசு பெட்டியில் கிடப்பவர்கள்மேல் இல்லை. காலையில் நெசவுக்காரர்கள் தெரு நீளத்துக்குப் பாவு நூலை விரித்துக் கஞ்சி தடவுவார்கள். பால்கோவாக் கடைக்காரர் சட்டையில்லாமல் அடுப்பு முன்னால் நின்று துடுப்புப் போடுவார். கோர்ட்டுக்கு வந்த கிராமத்து ஆட்கள் செருப்பைத் தலைக்கு வைத்துப் படுத்திருப்பார்கள். இதை எல்லாம் எடுக்க வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி. கேமராவைக் கண்டால் பாதிப் பேர் ஓடினார்கள், மீதிப் பேர் கல்லாக நின்றார்கள். அதற்கு நானாக ஒரு வித்தை கண்டுபிடித்தேன். பிளேட் போடாமலே கேமராவைத் தினமும் தெருவோரத்தில் நிறுத்தி, கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு நிற்பேன்.

பால்கோவாக் கடைக்காரர் கேட்பார்: "என்னவே, இன்னைக்காவது உள்ள சரக்கு இருக்கா?"

"சும்மாதான் அண்ணாச்சி. காத்து வாங்குதேன்."

"துணிக்குள்ள தலைய விட்டுக் காத்து வாங்குதவன இப்பத்தான் பாக்கேன்."

போகப் போகக் கேமராவைக் கட்டிப் போட்ட மாடு மாதிரி எண்ணிச் சுற்றிப் போனார்கள். ஒருநாள் சத்தம் காட்டாமல் பிளேட்டை ஏற்றுவேன். தெரு தன்பாட்டுக்கு இருக்கும், நான் எடுத்துவிடுவேன். ஊரையே ஏமாற்றியவன் நான். வீட்டுக்காரியை மட்டும் ஏமாற்ற முடியவில்லை.

காரணம் தண்ணீர். பிளேட்டைக் கழுவ நல்ல தண்ணீர் வேண்டும். எங்கள் வீட்டுக் கிணறு உப்பு. அதில் கழுவினால் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி விழும். நல்ல தண்ணீர் எடுத்து வருகிறவள் அவள். இருட்டறையில் என்னோடு உட்கார்ந்து பிளேட்டைத் தட்டில் போட்டுக் கழுவுகிறவளும் அவளே. கூடுதலாக ஒரு குடம் கேட்டால் போதும், இன்றைக்குப் பிளேட் ஏறுகிறது என்று தெரிந்துகொள்வாள். அன்று நான் துணிக்குள் தலையை விடும்போது எங்கள் வீட்டுக் கதவு சாத்தியிருக்கும்.

ஒரு தடவை நானே குடத்தைத் தூக்கிக்கொண்டு நல்ல தண்ணீர்க் கிணற்றுக்குப் போனேன். அங்கிருந்த பெண்கள் என்னைப் பார்த்துச் சிரித்து உருண்டார்கள். நான் வீடு திரும்புவதற்குள் சேதி போய்விட்டது.

"கொடந் தூக்கினியளாமே?" என்றாள் அவள். "இடுப்புல வச்சியளா, தலையில வச்சியளா?"

"ஏட்டி, ஒரே ஒரு படம். வாசல்ல நில்லு, போதும்."

"நான் இந்தத் தட்டுல கழுவின மூஞ்சி அம்புட்டும் பெட்டியில கெடந்த மூஞ்சிதான். எம் மூஞ்சியும் அதுக்குள்ள மிதக்கணுமாக்கும்? சும்மா கெடங்க."

அதற்குமேல் நான் கேட்கவில்லை. அவளோ வாலிபம், நானோ கெட்டிக்காரன். காலம் கிடக்கிறது என்று இருந்தேன்.

அந்தக் கோடையில் காலரா வந்தது. காலையில் தண்ணீர் எடுத்து வந்தவள் பொழுது சாயும் முன் இல்லை. காலராவில் போனவர்களை வீட்டில் வைத்திருக்க விடமாட்டார்கள். பெட்டி இல்லை, பாட்டு இல்லை, சுண்ணாம்பைக் கொட்டி மூடினார்கள். இந்தப் பக்கத்துச் சாவுகளை எல்லாம் படம் எடுத்தவன், அன்று கேமரா இருக்கிற அறைப் பக்கம்கூடப் போகவில்லை.

அவள் அம்மாவுக்குத் தேவதானத்தில் சேதி கிடைத்து வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. சின்ன மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். அழுது ஓய்ந்து, "மாப்பிள்ளை, எம்மவ படத்தக் காட்டுங்க," என்றார்.

"இல்ல அத்தை."

"ஊரான் வீட்டுப் பொணத்த எல்லாம் புடிச்சியளே. தெருவுல போற கழுதைய விடாமப் புடிச்சியளே. எம்மவ ஒங்களுக்கு எளக்காரமாப் போனாளா?"

பிளேட்டுகளை எல்லாம் எடுத்து வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பாவு இருந்தது. கடை இருந்தது. எங்கள் வாசல் பல படங்களில் இருந்தது. எல்லாவற்றிலும் கதவு சாத்தியிருந்தது. ஜன்னலில், கூட்டத்தில், கோயில் பக்கம் போகிற பெண்கள் நடுவில் எல்லாம் பூதக்கண்ணாடி வைத்துத் தேடினேன். கண் எரிந்ததுதான் மிச்சம்.

அத்தையின் அழுகையைக் கேட்க முடியாமல்தான் ஒரு வழி செய்தேன். கொழுந்தியாளை அக்காவின் சேலையைக் கட்டச் சொல்லி, அக்கா மாதிரி கொண்டை போடச் சொல்லி, நாற்காலியில் உட்கார வைத்து எடுத்தேன். பிறகு பிளேட்டில் பென்சில் பிடித்துத் தங்கை முகத்தை அக்கா முகமாக மாற்றினேன். அந்த வேலையில் எனக்கு மதுரையிலும் ஆள் கிடையாது. கன்னத்தை ஒடுக்கினேன், உதட்டைத் திருத்தினேன், சின்ன வயசில் அவள் விழுந்து புருவத்தில் பட்ட வெட்டுத் தழும்பையும் வைத்தேன். தட்டில் காகிதத்தின்மேல் படம் எழும்பி வந்தது. அவளேதான். அத்தை படத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஊருக்குப் போனார். எனக்கு ஒன்று சுவரில் மாட்டினேன்.

ஒரு வருஷம் கழித்துக் கொழுந்தியாளும் அத்தையும் ஒரு கல்யாணத்துக்காக வந்தார்கள். கொழுந்தியாள் சுவரைப் பார்த்துக்கொண்டே நின்றவள், "அத்தான், அக்காவுக்கு வெட்டு எந்தப் புருவத்துல?" என்றாள்.

"ஏன் கேக்க?"

"எனக்கு என்னமோ அந்தப் பக்கம்னு ஒரு நெனப்பு."

பிளேட்டில் எல்லாம் இடம் வலம் மாறித்தான் இருக்கும். அது எனக்குத் தெரியாததா? ஆனால் அன்று கண்ணில் நீர் கட்டிய நிலையில் தழும்பை மாற்றி வைத்தேனா, மாற்றாமல் வைத்தேனா? கண்ணை மூடிப் பார்த்தேன். சுவரில் இருக்கிற படம்தான் வந்தது. மறுபடி மூடினேன். நாற்காலியில் உட்கார்ந்து, கொழுந்தியாள் கண்ணால் என்னைப் பார்க்கிற அதே படம். இருட்டறையில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள் வரவில்லை.

"அத்தை, நீங்க சொல்லுங்க. பெத்தவ ஒங்களுக்குத் தெரியுமே."

அத்தை எழுந்து படத்துக்குப் பக்கத்தில் போய் நன்றாகப் பார்த்தார். பிறகு சின்ன மகளை அதட்டினார்.

"ஏட்டி, கண்ணு அவிஞ்சா போச்சு? இந்தா, இந்தப் பக்கந்தான இருக்கு. படத்தப் பாத்துச் சொல்லு."

கொழுந்தியாளும் பார்த்தாள். "ஆமா, இந்தப் பக்கந்தான்," என்று ஒத்துக்கொண்டாள்.