கடைசித் தெருவில் மாட்டிக்கொண்ட ஆரோக்கியநாதர்

1. கிரேன் கேபினில் முதல் நாள்

ஓவர்ஹெட் கிரேன் கேபினில் நான் ஏறிய முதல் நாள், கீழே நின்ற அத்தனை ஆண்களும் ஆளுக்கொரு விதமாகக் கத்தினார்கள். ஏத்து என்கிறார் ஒருவர். இறக்கு என்கிறார் இன்னொருவர். மூன்றாமவர் என் முந்தானையைப் பத்திரமாகச் செருகிக்கொள்ளச் சொல்கிறார். கொக்கியில் தொங்குவதோ ராணுவ வண்டியின் கியர்பாக்ஸ். நான் லீவரிலிருந்து கையை எடுத்துவிட்டு, கைகட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

ஆவடி ராணுவ வண்டித் தொழிற்சாலையில் எங்கள் பிரிவுக்கு, ஷாப் என்போம், அப்போது மேற்பார்வை பார்க்கிற சார்ஜ்மேன் சேவியர் சார்தான். தூத்துக்குடிப் பக்கத்து மனிதர். ஆவடிக் குவார்ட்டர்ஸில் அரை ஆயுளைக் கழித்தும் அவர் பேச்சில் மெட்ராஸ் ஒட்டவே இல்லை.

"என்னம்மா, மேல தியானமா பண்ணுதே?" என்று அண்ணாந்து கத்தினார்.

"யார் சொல்றதக் கேக்கணும்னு முடிவு பண்ணுங்க சார். அப்புறம் தூக்குறேன்."

சுற்றி நின்றவர்களை ஒரு முறை முறைத்தார். எல்லா வாயும் மூடியது. "இனிமே என் கைய மட்டும் பாரு. வேற எவன் கத்துனாலும் காதுல வாங்காத. ஆனா, 'நிறுத்து'ன்னு யாரு சொன்னாலும் நிறுத்திரணும், கேட்டியா?" என்றார்.

கிரேன் வேலைக்கு முதல் சட்டம் இதுதான். லோடு எத்தனை டன்னாக இருந்தாலும் சிக்னல் ஒரே ஒருவர் கையிலிருந்துதான் வர வேண்டும். ஓய்வு பெற்ற பிறகு இதை வீட்டில் அமல்படுத்திப் பார்த்தேன். என் கையைப் பார்க்கச் சொன்னால் வீட்டுக்காரர் டிவி ரிமோட்டைப் பார்க்கிறார். அவரை விடுங்கள். இந்தச் சட்டம் எனக்கு உண்மையிலேயே கைகொடுத்தது தொழிற்சாலைக்கு வெளியே, ஒரு சாமி விஷயத்தில்.

2. இத்தாலி வீடியோ

ஓய்வுக்குப் பின் நெமிலிச்சேரியில் வீடு கட்டிக்கொண்டு வந்தோம். சேவியர் சார் உட்பட எங்கள் ஷாப் ஆட்கள் பலர் அங்கேதான் இருக்கிறார்கள். எங்கள் நகரில் ஆரோக்கியநாதருக்கு ஒரு சின்ன கோவில் உண்டு. தொடையில் இருக்கும் புண்ணைக் காட்டிக்கொண்டு, காலடியில் ரொட்டி கவ்விய நாயுடன் நிற்பாரே, புண்ணுக்கும் நோய்க்கும் வேண்டிக்கொள்கிற கிறிஸ்தவப் புனிதர், அவர்தான். நான் முருகனைக் கும்பிடுகிறவள். ஆனால் திருவிழா வந்தால் எங்கள் பக்கத்தில் யாரும் அதையெல்லாம் பார்ப்பதில்லை. சீரியல் செட் விளக்கு எரிந்தால் நம்ம சாமிதான்.

அந்த வருடம் புதிதாக வந்திருந்த ஃபாதர் இத்தாலியில் படித்தவர். கொடியேற்றத்தன்று சாயங்காலம், கோவில் சுவரில் வெள்ளைத் துணி கட்டி ஒரு வீடியோ போட்டார். அங்கே ஒரு சின்ன மலை ஊர். அவர்களுக்கும் இதே ஆரோக்கியநாதர்தான் பாதுகாவலர். இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் இடிக்கும், அவ்வளவு ஒடுக்கமான கல் சந்துகள். அதில் ஆண்கள் சாமி சிலையை, சுரூபம் என்பார்கள், தோளில் வைத்துப் படிப்படியாக ஏற்றுகிறார்கள். மாடி ஜன்னல்களிலிருந்து பெண்கள் பூவை வாரிக் கொட்டுகிறார்கள். ஒரு சந்துகூட விடாமல் போய்விட்டு வருகிறார் சாமி.

வீடியோ முடிந்ததும் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. கன்னியம்மா. விடிந்ததும் கோவிலைப் பெருக்கிவிட்டு, கம்பெனி வேனில் செம்பரம்பாக்கம் பக்கத்துக் கிடங்குக்கு ஹவுஸ்கீப்பிங் வேலைக்குப் போகிறவள்.

"ஃபாதர், அவ்ளோண்டு சந்துல அந்த ஊரு சாமி ஏறிப் பூது. எங்க தெரு இன்னா அத்தினி மோசமா கீது? நம்ம சாமி மட்டும் மெயின் ரோட்டோட ரிட்டன் அட்சிடுதே!"

அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. கன்னியம்மா வீடு கடைசித் தெருவில். அவள் புருஷன் ஏழுமலைக்குச் சர்க்கரை. காலில் வந்த புண்ணுக்குக் காலையே எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அவள் ஆரோக்கியநாதரிடம் வேண்டிக்கொண்டாள். கால் தப்பியது. தேர் மேல் உப்பும் மிளகும் அவனே தன் கையால் தூவ வேண்டும் என்பது நேர்த்திக்கடன். முந்தின வருடம் நாற்காலியில் உட்காரவைத்து மெயின் ரோட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். உப்பு தூவுவதற்குள் நெரிசலில் எவனோ அந்தக் காலையே மிதித்துவிட்டான். ஆறிக்கொண்டிருந்த புண் திறந்துகொண்டது. டாக்டர் திட்டிய திட்டில், இனி வாசலைத் தாண்டமாட்டேன் என்று ஏழுமலை உட்கார்ந்துவிட்டான். அவன் போக முடியாது. சாமிதான் வர வேண்டும்.

"சேவியர் சார், இந்த வருஷம் கடைசித் தெருவுக்கும் போயிடலாமா?" என்று ஃபாதர் கேட்டார். சேவியர் சார்தான் தேர்க் கமிட்டித் தலைவர்.

"சாமிய வச்சு இழுக்குற நம்ம டிராக்டர் டிரெய்லர் அந்த முனையில திரும்பாது ஃபாதர். புதுசா தேரு செஞ்சிருவோம்" என்றார். அவர் கண்ணில் பழைய சார்ஜ்மேன் எழுந்து உட்கார்ந்ததை நான் பார்த்தேன்.

3. ரோடு எங்க டிபார்ட்மென்ட் இல்லை

ஓய்வு பெற்ற வெல்டர்கள், ஃபிட்டர்கள் எல்லாம் கோவில் வளாகத்தில் கூடிவிட்டார்கள். வீட்டில் காய் நறுக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தவர்களுக்கு ஜாப் கிடைத்துவிட்டது, கேட்க வேண்டுமா! முன் சக்கரமும் பின் சக்கரமும் சேர்ந்து திரும்புவது போல ஸ்டீரிங் போட்டார்கள். சும்மா சொல்லக்கூடாது, அந்த வேலை அருமை. வளாகத்தில் டிரையல் ரன் விட்டபோது நின்ற இடத்திலேயே வட்டமடித்தது.

கோளாறு வேறு இடத்தில். மரச்சட்டம் போதும் என்கிற இடத்தில் இரும்புச் சேனல் போட்டார்கள். சேனல் போதும் என்றால் அதைவிடக் கனத்த ஐ-பீம். தகரம் அடிக்க வேண்டிய பீடத்துக்கு நல்ல கனத்தில் இரும்பு பிளேட். வாழ்நாள் முழுக்கக் குண்டு துளைக்காத வண்டி செய்தவர்களிடம் சாமிக்குத் தேர் செய்யச் சொன்னால் வேறு என்ன வரும்? ஆரோக்கியநாதர் மேல் யார் குண்டு போடப் போகிறார்கள் என்று நான் கேட்டேன். ஒருவரும் சிரிக்கவில்லை.

"சார், இது என்னா வெயிட்டு வரும்?" என்றேன்.

"தாங்கும்."

"தேர் தாங்கும் சார். ரோடு?"

"ரோடு எங்க டிபார்ட்மென்ட் இல்ல" என்றார் சேவியர் சார்.

கடைசித் தெரு முனையில் ரோட்டுக்குக் குறுக்கே ஒரு மழைநீர்க் கால்வாய் போகிறது. மேலே மூடியிருக்கும் கான்கிரீட் ஸ்லாப் அப்போதே ஆட்டம். ஆட்டோக்காரர்கள் அதைப் பார்த்ததும் ரிவர்ஸ் கியர் போடுவார்கள். மாற்றித் தரச் சொல்லித் தெருக்காரர்கள் மனு கொடுத்துக் கொடுத்து அலுத்துப்போயிருந்தார்கள்.

4. ஊர் கூடி இழுத்தது

தேர் பவனி அன்று சாயங்காலம் எல்லாம் சரியாகத்தான் போனது. லைன்மேன் கரண்டை நிறுத்திவிட்டார். ஜெனரேட்டர் பின்னால் வந்தது. பையன்கள் கொம்பு வைத்து கேபிள் ஒயர்களைத் தூக்கிப் பிடித்தார்கள். ஜனங்கள் உப்பையும் மிளகையும் வாரித் தேர் மேல் அடித்தார்கள். பாதி சாமிக்கு, மீதி வடம் இழுத்தவர்கள் கண்ணுக்கு. மெயின் ரோடு முடிந்து கடைசித் தெரு முனையில் தேர் ஜம்மென்று திரும்பியது. முன் சக்கரங்கள் கால்வாயைத் தாண்டின. தெருவே குலவை போட்டது.

பின் சக்கரம் ஸ்லாப்பில் ஏறியது. மடார் என்று ஒரு சத்தம்.

தேர் பின்பக்கமாக உட்கார்ந்துவிட்டது. சாமி சாய்ந்தார். நாலு பேர் ஏறிப் பிடித்துக்கொண்டார்கள். ஒருவருக்கும் அடியில்லை, அதுவரைக்கும் புண்ணியம்.

அதன் பிறகுதான் கூத்து. "பின்னால இழுங்கடே! கோவிலுக்குக் கொண்டு போயிரலாம்" என்றார் சேவியர் சார். மெயின் ரோட்டுக்காரர்கள் பின்னால் ஒரு வடத்தைக் கட்டிவிட்டார்கள்.

"இன்னாது? வாசல் வரிக்கும் வந்த சாமிய ரிட்டன் எட்த்துனு பூடுவியா?" என்று கன்னியம்மா முன் வடத்தைப் பிடித்தாள். கடைசித் தெரு மொத்தமும் அவள் பின்னால். ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும் என்பார்கள். எந்தப் பக்கம் என்று சொல்ல அந்தப் பழமொழிக்காரர் மறந்துவிட்டார். இரண்டு பக்கமும் இழுத்ததில் சாமி தலையாட்டினார். அது யாருக்கு ஆதரவு என்று அதற்கும் ஒரு சண்டை நடந்தது. ஃபாதர் மைக்கை வாங்கி ஜெபமாலையை ஆரம்பித்துவிட்டார். எந்தப் பக்கமும் சேராமல் தப்பிக்க அதைவிட நல்ல வழி கிடையாது.

ஐந்தாறு வீடு தள்ளி, வாசலில் நாற்காலி போட்டு ஏழுமலை உட்கார்ந்திருந்தான். துவைத்த வேட்டி. மடியில் உப்பு மிளகுத் தட்டு. மத்தியானத்திலிருந்து அப்படியே உட்கார்ந்திருக்கிறான் என்று பக்கத்து வீட்டுப் பெண் சொன்னாள். கலாட்டாவைப் பார்த்து அவன் மெல்ல எழுந்திருக்கப் போனான்.

"யோவ், எயுந்துக்காதே! குந்து! சாமி வரும்!" என்று கன்னியம்மா வடத்தை விடாமலே அலறினாள். அவள் குரல் உடைந்துவிட்டது. எனக்குப் பொறுக்கவில்லை.

"நிறுத்து!" என்றேன், அடிவயிற்றிலிருந்து.

எங்கள் ஷாப் ஆட்கள் அத்தனை பேரும் அப்படியே நின்றுவிட்டார்கள். பழகிப்போன உடம்பு. அவர்கள் நின்றதைப் பார்த்து மற்றவர்களும் நின்றார்கள். ஃபாதர்கூட அருள்நிறை மரியேயில் பாதியில் நிறுத்திவிட்டார்.

"சார், இப்ப சிக்னல் யாரு?"

சேவியர் சார் வியர்வையைத் துடைத்தார். இரண்டு வடத்தையும் பார்த்தார். "நீயே குடு" என்றார். "ஆனா பின்னால எடு, கேட்டியா? உள்ள போயிட்டா வெளிய எப்படிக் கொண்டு வருவே?"

"பின்னால எடுத்தா முன் சக்கரமும் இதே பள்ளத்தத் தாண்டணும். முன்னால போனா ஒரு சக்கரம் ஏறினா போதும். லோடு எங்க எறங்குமோ அங்கதான் சார் எறக்கணும்."

அது தெரியாதவரா அவர்? தன் தேர் ஒரு ராத்திரி அங்கே மாட்டிக்கொண்டால் மானம் போகுமே என்ற கவலைதான் அவருக்கு.

ஜாக்கி வந்தது. கட்டை அடுக்கி முட்டுக் கொடுத்தோம். பள்ளத்தின் மேல் ஒரு கனத்த பிளேட்டைப் போட்டோம். நல்லவேளை, தேர் செய்ததில் மிச்சம் நிறைய இருந்தது. பின் வடத்தை அவிழ்க்கச் சொன்னேன். "என் கைய மட்டும் பாருங்க" என்று சொல்லிவிட்டு முன்பக்கம் காட்டினேன்.

ஒரே மூச்சு. தேர் ஏறிவிட்டது. மெயின் ரோட்டுக்காரர்களும் கை வைத்துத் தள்ளினார்கள், யாரும் சொல்லாமலே.

ஏழுமலை வாசலில் தேரை நிறுத்தினேன். அவன் தட்டை எடுத்தான். அத்தனை நாள் பாக்கி நின்ற வேண்டுதலையும் சேர்த்து ஓங்கி வீசினான் பாருங்கள், பாதி சேவியர் சார் முகத்தில். அவர் வரிசையாகத் தும்ம, தெரு சிரித்தது. ஏழுமலை மட்டும் நாற்காலியில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதான். கன்னியம்மா அவன் தலையைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். எனக்கும் கண்ணில் தண்ணீர் கொட்டியது. மிளகு என்று சொல்லிச் சமாளித்தேன்.

5. சாமியின் முகவரி மாற்றம்

சேவியர் சார் பயந்ததுதான் நடந்தது. உள்ளே போன தேர் வெளியே வர வழியில்லை. தேர் ஏறிய வேகத்தில் ஸ்லாப் மொத்தமும் உடைந்து கிடந்தது, மறுபடி பிளேட்டைத் தாங்க ஓரம்கூட மிச்சமில்லை. சுரூபத்தை மட்டுமாவது இறக்கித் தூக்கிப்போகலாம் என்று கமிட்டி முயன்றது. எங்கள் வெல்டர்கள் அதைப் பீடத்தோடு போல்ட் போட்டு, போல்ட்டையும் வெல்டு அடித்து வைத்திருந்தார்கள். நான் சொன்னேனே, குண்டு போட்டாலும் ஆடாது.

சாமி கடைசித் தெருவிலேயே தங்கினார். மேலே தார்ப்பாய். சாயங்காலப் பூசை அங்கேயே. "அந்தத் தெருவா?" என்று மூக்கைச் சுளித்த மெயின் ரோட்டு மாமிகள் எல்லாம் பலகை மேல் நடந்து, புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். கன்னியம்மா வீட்டு டீயைக் குடித்தார்கள், சுக்கு தூக்கல் என்று குறையும் சொன்னார்கள். தெருக்காரர்களோ எங்க ஊட்டு விருந்தாளி என்று சாமியின் நாய்க்குக்கூட மாலை போட்டார்கள்.

செய்தி வார்டு முழுக்கப் பரவியது. எத்தனை மனுவுக்கும் அசையாத அதிகாரிகள் ஜீப்பில் வந்து இறங்கினார்கள். ஜல்லி வந்தது, கம்பி வந்தது. கால்வாய் மேல், தேர் போகிற அளவுக்குப் பலமாக, கல்வெர்ட் என்கிற புது சிறுபாலம் கட்டிவிட்டார்கள். அது இறுகக் காத்திருந்து சாமியைக் கோவிலுக்கு அழைத்துப் போனோம். மறுநாளே கடைசித் தெருவுக்குள் முதல் ஆட்டோ வந்தது. ஏழுமலை அதில் ஏறித்தான் ஆஸ்பத்திரிக்குக் கட்டு மாற்றப் போனான்.

வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: தூக்குகிற லோடைப் பார்க்கிற கண்ணால், அதை இறக்கப்போகிற தரையையும் பாருங்கள். அந்தத் தரை உங்கள் டிபார்ட்மென்ட் இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள்.

இந்த வருடக் கமிட்டிக் கூட்டத்தில் சேவியர் சார் எழுந்து, "போன தடவ வெயிட்டு கூடிப்போச்சு. ஐ-பீம எல்லாம் வெட்டிப் பாதியாக் கொறச்சிருவோம்" என்றார். எல்லோரும் தலையாட்டினோம்.

கதவருகில் நின்ற கன்னியம்மா பதறிவிட்டாள். "ஐயோ சார், வெட்டாதீங்க! எங்களுக்குப் பின்னாடி, நகர் கணக்குலயே சேராத தெருவுல இன்னும் குடிதண்ணி பைப்பே வர்ல. இந்த தபா சாமி அங்க போயி கொஞ்ச நாள் குந்தட்டுமே!"

கூட்டம் சிரித்தது. சேவியர் சார் சிரிக்கவில்லை. என் பக்கம் குனிந்து ரகசியமாகக் கேட்டார்.

"கோமளா, அந்தத் தெரு ஸ்லாப்பு எப்படி இருக்கு?"

"ரொம்ப மோசம் சார்."

"அப்ப வெயிட்டு இருக்கட்டும்" என்றார்.