அஞ்சலைக்கு மொழிபெயர்க்கப் போனேன்

2003, ஆனி மாதம், ஒரு வியாழக்கிழமை. காலை ஆறு பத்துக்குத் திருச்சி மத்தியப் பேருந்து நிலையத்தில் பெரம்பலூர் வண்டி ஏறினேன். ஏறக்குறைய அறுபது கிலோமீட்டர், பதினெட்டு ரூபாய். காது கேளாத பிள்ளைகளுக்குப் பதினேழு வருடமாகப் பாடம் சொல்லித் தருகிறவள் நான். சைகை மொழியில் எனக்குத் தெரியாதது எதுவுமில்லை என்ற திமிர் உண்டு. மாற்றுப் புடவையோடு அதையும் பையில் வைத்துக்கொண்டுதான் கிளம்பினேன்.

போகிற காரியம் இது. செந்துறைக்குப் பக்கத்துக் கிராமத்தில் அஞ்சலை என்றொரு பெண். பிறவியிலேயே காது கேளாது, பேச்சும் இல்லை. கணவன் லாரி விபத்தில் இறந்த பிறகு, "புள்ள அழுதா இவளுக்குக் கேக்காது" என்று சொல்லி, இரண்டு வயதுப் பெண் குழந்தையை மாமியார் வீட்டில் வைத்துக்கொண்டு இவளை அண்ணன் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அண்ணன் ராசேந்திரன் மனுக் கொடுத்தான். பதினோரு மணிக்கு விசாரணை. அஞ்சலை சொல்வதை அதிகாரிக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டும்.

சமயபுரம் தாண்டியதும் பக்கத்து இருக்கை அம்மாள் பேச்சுக் கொடுத்தார். லெப்பைக்குடிக்காட்டுக்காரர்.

"ஊமப் புள்ளைங்களுக்கா பாடம் எடுக்குறீங்க?"

"காது கேக்காத புள்ளைங்கம்மா. ஒருநாள் வகுப்புக்கு வந்து பாருங்க, அதுங்க வாயாடுறது தாங்க முடியாது."

அவர் சிரித்தார். "எம் மவனும் சவூதி போன புதுசுல பேச்சில்லாமத்தான் கெடந்தான். ஆறே மாசம், அல்லா புண்ணியத்துல அவங்க பாஷய புடிச்சிக்கிட்டான்." பாடாலூர் வரை மகன் புராணம்தான். எனக்கும் அது நன்றாகவே இருந்தது.

ஏழே முக்காலுக்குப் பெரம்பலூர். பேருந்து நிலையத்து டீக்கடையில் அண்ணனும் தங்கையும் காத்திருந்தார்கள். இந்த ஊருக்கு ரயில் இல்லை. அரியலூரைக் கொஞ்ச காலம் தனி மாவட்டமாக்கினார்கள், பிறகு மறுபடி இதோடு சேர்த்துவிட்டார்கள். செந்துறைக்காரர்களுக்கு அதில் மிச்சமானது ஒரு பஸ் கூடுதல். விடியுமுன் கிளம்பி, அரியலூரில் வண்டி மாறி, சிமெண்ட் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து வந்திருந்தார்கள்.

அஞ்சலைக்கு இருபத்தைந்து வயதிருக்கும். "உன் பெயர் என்ன?" என்று சைகையில் கேட்டேன். அவள் என் கைகளைப் பார்த்தாள். பிறகு நான் செய்ததை அப்படியே திருப்பிச் செய்து காட்டிச் சிரித்தாள். வேறு விதமாகக் கேட்டேன். அதையும் திருப்பிச் செய்தாள். பள்ளிக்கூட வாசலையே மிதிக்காதவள். என் சைகை மொழி அவளுக்கு வெறும் கையாட்டல்.

"வூட்டுல இவகிட்ட யாருங்க பேசுவாங்க?"

"நான் சின்னதுலயே திருப்பூர் போயிட்டேன் டீச்சர், போன வருஷந்தான் ஊரோட வந்தேன். எனக்கு ஒண்ணும் புரியாது. அம்மா இருந்தவரைக்கும் அம்மா. கட்டிக்குடுத்தப்புறம் அவ நாத்தனா கலாதான். ரெண்டு பேரும் அஞ்சு வருஷம் முந்திரிக் காட்டுல ஒண்ணா கொட்ட பொறுக்குனவங்க. விடிஞ்சா பொழுதுபோனா பேச்சுத்தான்."

குழந்தையைத் தர மாட்டேன் என்று நிற்பதும் அந்தக் கலாதான்.

பதினோரு மணி என்றார்கள், பன்னிரண்டரைக்குக் கூப்பிட்டார்கள். எந்த அலுவலகம் என்று எழுதவில்லை, எல்லா அலுவலகமும் அப்படித்தான். நான் உள்ளதைச் சொன்னேன். "சார், இவங்க சைகை எனக்குத் தெரியாது. நாலஞ்சு நாள் கூட இருந்தாத்தான் பிடிபடும். தேதி குடுங்க."

"அப்ப எதுக்கு டீச்சர் வந்தீங்க?"

மாமியார் வீட்டார் பக்கம் உட்கார்ந்திருந்த கலா எழுந்தாள். "நான் கேட்டுச் சொல்றேன் சார்."

"இவங்க எதிர்த்தரப்பு சார்!" என்றேன்.

"வேற யார் இருக்கா? நீங்களா?" என்றவர் கலாவிடம் திரும்பினார். "ராத்திரி புள்ள அழுதா என்ன பண்ணுவான்னு கேளும்மா."

கலாவின் கைகள் பேசத் தொடங்கின. இடுப்பைத் தட்டினால் குழந்தை. கன்னத்தில் விரலை இழுத்தால் அழுகை. என்ன வேகம், என்ன தெளிவு! எனக்குப் பொறாமையாகவே இருந்தது. அஞ்சலை முந்தானை முடிச்சிலிருந்து ஒரு கறுப்புக் கயிற்றை எடுத்தாள். ஒரு முனையைத் தன் மணிக்கட்டில் கட்டினாள். மறுமுனையை, பக்கத்தில் இல்லாத குழந்தையின் அரைஞாணில் கட்டுவதுபோல் காட்டினாள். தலை சாய்த்துக் கண்ணை மூடினாள். கயிறு அசைந்ததுபோல் விழித்துக்கொண்டு, இல்லாத குழந்தையை வாரி மார்போடு அணைத்தாள். இதற்கு மொழிபெயர்ப்பே தேவையில்லை. ஆனால் அதிகாரி தலையைக் கவிழ்த்து எழுதிக்கொண்டிருந்தார்.

"புள்ளைய கயித்துல கட்டிப்போட்டுருவேங்கறா சார்," என்றாள் கலா.

நான் துள்ளி எழுந்தேன். "பொய் சார்! புள்ள அசைஞ்சா தெரியணும்னு தன் கையோட கட்டிக்குவா. அதைத்தான் காட்டுறா!"

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "இவ சைகை தெரியாதுன்னு இப்பத்தானே சொன்னீங்க?"

குழந்தை இப்போதைக்கு இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும், மூன்று மாதம் கழித்துப் பார்க்கலாம் என்று எழுதிவிட்டார். என் உண்மையைக் கொண்டே அவளைத் தோற்கடித்தார்கள். இன்று நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

வெளியே வந்ததும் ராசேந்திரன் மேல்மனு எழுத ஆள் தேடிப் போனான். அஞ்சலை என்னிடம் வரவில்லை. நேரே கலாவிடம் போய், என்ன முடிவாயிற்று என்று பரபரப்பாகக் கேட்டாள். வேறு யாரிடம் கேட்பாள்? கலா தயங்கினாள், சுற்றும் முற்றும் பார்த்தாள், பிறகு கைகளால் ஏதோ சொன்னாள். அஞ்சலையின் முகம் மலர்ந்துவிட்டது.

மூன்று மணிக்குத் திருச்சி வண்டி. எங்கள் பள்ளியில் இந்நேரம் விளையாட்டு வகுப்பு. எழுபது பிள்ளைகள் ஒரே நேரத்தில் கைகளால் சண்டை போடுவார்கள். அறுபது கிலோமீட்டர் தள்ளி, ஒருத்திக்கு உலகத்தோடு பேச ஒரே ஒரு ஆள்தான் இருக்கிறாள், அவளும் கலா.

அஞ்சலை ஜன்னலருகே வந்து நின்றாள். கறுப்புக் கயிறு இன்னும் மணிக்கட்டில் இருந்தது. இடுப்பைத் தட்டினாள், அரியலூர்ச் சாலையைக் காட்டினாள், தன் மார்பைத் தொட்டாள். அதற்குள் எனக்கு அவ்வளவு புரிந்தது. குழந்தை தன்னிடம் வருகிறது என்று எனக்குச் சொல்கிறாள்.

தலையை இடமும் வலமும் ஆட்டியிருந்தால் போதும். அதற்குப் பள்ளிக்கூடம் போயிருக்க வேண்டியதில்லை. நான் ஆட்டவில்லை. வண்டி நகர்ந்தது, நானும் சிரித்தேன்.