வெள்ளைப் பூ வந்த பிறகு

என் முப்பத்தாறாவது வயதில்தான் அவரோடு முதன்முதலாகப் பேசினேன். பேசினேன் என்றால், "அண்ணே, அந்தக் குண்டானை இந்தப் பக்கம் தள்ளுங்க" என்று சொன்னேன், அவ்வளவுதான். பீடோங்கில் நாங்கள் போகும் அம்மன் கோயிலில் வெள்ளிக்கிழமை அன்னதானத்துக்கு நூறு பேர் வருவார்கள். பாத்திரம் கழுவக் குழாயடிக்கு வருவது இரண்டு பேர். ஒருவர் அவர், இன்னொருத்தி நான்.

எனக்குப் பக்கத்து ஊரான சுங்கைப் பட்டாணியில் கையுறைத் தொழிற்சாலையில் வேலை. பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். வேலை முடிந்து சீருடையோடு கோயிலுக்கு வந்துவிடுவேன். சாமி கும்பிட வந்தாயா, உட்கார இடம் தேடி வந்தாயா என்று யாராவது கேட்டிருந்தால் என்னால் பதில் சொல்லியிருக்க முடியாது. அவர் மெர்போக் பக்கம் சின்னத் தோட்டங்களிலிருந்து எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டினார். நாற்பத்தொரு வயது. அவரும் என்னைப் போலத்தான் களைத்திருந்தார். ஆனால் குண்டானின் அடிப்பிடிப்பைச் சுரண்டும்போது மட்டும் அவர் அவசரப்பட்டு நான் பார்த்ததில்லை.

ஒரு வருடம் இப்படியே போனது. ஒருநாள் கேட்டார்.

"சனிக்கிழமை உங்களுக்கு லீவா?"

"ஒரு வாரம் விட்டு ஒரு வாரம். ஏன்ணே?"

"அப்பாவுக்கு ரத்தம் கழுவ சுங்கைப் பட்டாணிக்குக் கூட்டிட்டுப் போவேன். நாலு மணி நேரம் சும்மாதான் உக்காந்திருப்பேன். நீங்க வந்தா ஒரு தேத்தண்ணி குடிக்கலாம்."

அவருடைய அப்பாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. வாரத்துக்கு மூன்று நாள் ரத்தச் சுத்திகரிப்பு. ஆகவே நாங்கள் பழகிய இடம் அந்தச் சிகிச்சை நிலையத்துக்குக் கீழே இருந்த சாப்பாட்டுக் கடை. கடற்கரையும் இல்லை, சினிமாவும் இல்லை. பசியாறுவோம். பிறகு பேசுவோம், அல்லது பேசாமல் இருப்போம். இரண்டாவது சனிக்கிழமை மேசையிலேயே தூங்கிவிட்டேன். விழித்தபோது என் கிளாஸை எட்டி நகர்த்தி வைத்துவிட்டு வெளியே கார்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வெட்கமாகப் போயிற்று.

"எழுப்பியிருக்கலாம்ல அண்ணே."

"தூங்கட்டும்னு விட்டேன்." கிளாஸைத் திரும்ப என் பக்கம் நகர்த்தி, "இந்த அண்ணேன்னு கூப்பிடுறத நிறுத்திக்கிறீங்களா?" என்றார்.

"வேற எப்படிக் கூப்பிடுறது?"

"ஒண்ணும் கூப்பிட வேணாம். சும்மா பேசுங்க."

கல்யாணத்தைப் பற்றி அவர் என்னிடம் பேசியது அந்த முறையில்தான். எனக்குப் புரிந்தது. அடுத்த சில வாரங்கள் அவரை எந்த முறை சொல்லியும் கூப்பிடாமலேயே பேசப் பழகிக்கொண்டேன்.

நான் சுங்கை லாலாங்கில் அண்ணன் வீட்டில் இருந்தேன். அம்மா ஆறு வருடம் படுத்த படுக்கையாக இருந்து போய்ச் சேர்ந்தபின், இவருக்கு முன்பே எனக்கு ஒரு சம்பந்தம் வந்திருந்தது. தட்டு மாற்றி, ஊருக்கெல்லாம் சொன்ன பிறகு மாப்பிள்ளை வீட்டார் வேண்டாம் என்றுவிட்டார்கள். அண்ணன் அதிலிருந்து எழவே இல்லை. இப்போது இவரைப் பற்றிச் சொன்னதும் நெடுநேரம் தலையைத் தடவிக்கொண்டிருந்தார்.

"இன்னொரு தடவை ஊரு முன்னாடி அப்படி நிக்க முடியாதுமா. ஆத்தாகிட்ட பூப் போட்டுக் கேட்டுருவோம். அவ சரின்னா எனக்கும் சரி."

நானும் ஒப்புக்கொண்டேன். கட்டாயத்துக்காக இல்லை. எனக்கும் பயம் இருந்தது, நம்பிக்கையும் இருந்தது. குருக்கள் ஒரு வெற்றிலையில் செவ்வரளியும் இன்னொன்றில் மல்லிகையும் மடித்து, கலந்து, அம்மன் பாதத்தில் வைத்துக் கொண்டுவந்தார். சிவப்பு வந்தால் சரி. என் கையாலேயே ஒன்றை எடுத்தேன். பிரித்ததும் மல்லிகை உள்ளங்கையில் விழுந்தது.

அண்ணனோடு வீட்டுக்கு வந்தேன். லோரியில் இருந்த அவருக்கு நான்தான் போன் செய்து சொன்னேன். இஞ்சின் சத்தத்துக்கு நடுவே அவர் குரல் கேட்டது.

"ஆத்தா வேணாம்னு சொன்னா வேணாம்தான்லா" என்றார்.

அவர் சண்டை போடுவார் என்று நினைத்திருந்தேன் போல. அம்மன்மேல் வராத கோபம் அவர்மேல் வந்தது. அடுத்த வாரத்திலிருந்து வெள்ளிக்கிழமை போவதை நிறுத்திவிட்டுச் செவ்வாய்க்கிழமை போனேன். ஏழு மாதம். எதுவும் வேண்டிக்கொள்ளவில்லை. விபூதி வாங்கிப் பூசிக்கொண்டு திரும்பிவிடுவேன். சனிக்கிழமைகளில் ஓவர்டைம் கேட்டு வாங்கிச் செய்தேன். அண்ணி ஒருநாள், "மெலிஞ்சுகிட்டே போறியேமா" என்றார். வேலை அதிகம் என்று சொன்னேன். அதுவும் உண்மைதான்.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை போனேன். பெரிய முடிவு எதுவும் எடுக்கவில்லை. ஒருவரைத் தவிர்ப்பதற்கும் தெம்பு வேண்டியிருக்கிறது, அது எனக்குத் தீர்ந்துபோயிருந்தது. குழாயடியில் அவர் தனியாகத்தான் உட்கார்ந்திருந்தார். எதிரே உட்கார்ந்து ஒரு வாளியை இழுத்துக் கழுவ ஆரம்பித்தேன்.

"அப்பா எப்படி இருக்காங்க?"

"இருக்காரு. நீங்க ஏன் வர்றதில்லன்னு கேக்குறாரு."

"என்ன சொன்னீங்க?"

"ஷிப்ட் மாறிருச்சுன்னு சொன்னேன்." கையிலிருந்த நாரைக் கீழே வைத்தார். "ஆத்தா சொல்லை மீறக்கூடாதுன்னுதான் விட்டேன். ஆனா மனசு கேக்க மாட்டேங்குது. சாமி முன்னாடி நின்னா உங்களுக்காகத்தான் வேண்டிக்கிறேன். வேற ஒண்ணும் வாயில வரல."

"இன்னொரு தடவை பூப் போட்டுப் பாப்போமா?"

"மறுபடியும் வெள்ளை வந்தா?"

வாளியைக் கவிழ்த்துத் தண்ணீரைக் கொட்டினேன்.

"கேக்க வேணாம்" என்றார். "மன்னிப்புக் கேட்டுக்குவோம். ரெண்டு பேரும் சேர்ந்தே கேப்போம். அவ அம்மாதானே."

ஈரக் கையை உதறிவிட்டு உள்ளே போனோம். நடை சாத்துவதற்குள் ஒரு அர்ச்சனைச் சீட்டு வாங்கினோம். குருக்களுக்கு எங்கள் கதை தெரியும். தட்டைக் கையில் வைத்துக்கொண்டு யார் பேருக்கு என்று கேட்டார். அவர் தன் பேரையும் நட்சத்திரத்தையும் சொல்லி, அதோடு என்னுடையதையும் சொன்னார். என் நட்சத்திரம் அவருக்குத் தெரிந்திருந்தது. குருக்கள் எங்களை ஒருமுறை பார்த்துவிட்டு மறுபேச்சில்லாமல் கற்பூரத்தை ஏற்றினார். அப்போதுதான் அழுதேன்.

வீட்டுக்கு வந்து அண்ணனிடம் சொன்னேன். "பூ வேணாம்னு சொன்னது தெரியும்ணே. ஆத்தாகிட்ட மன்னிப்புக் கேட்டுட்டு வந்தேன். இப்ப உங்ககிட்ட கேக்குறேன்."

டிவியை நிறுத்தினார். மறுபடி போட்டார். கடைசியில், "அவுங்கப்பா எந்தெந்த நாள் வீட்ல இருப்பாரு?" என்று கேட்டார்.

பயம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். அண்ணன் போய்ப் பேசி வந்த மறுவாரமே மெர்போக் சாலையில் அவருடைய லோரி டயர் வெடித்தது. அடி ஒன்றும் இல்லை. ஆனால் அதற்காகத்தான் வெள்ளை வந்ததோ என்று எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. "டயரு பழசுமா" என்றார் அவர். இன்றைக்கும் சின்னதாக எது நடந்தாலும் என் மனம் முதலில் அங்கேதான் போகிறது. பிறகு திரும்பி வருகிறது.

நிச்சயம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கோயில் மண்டபத்தில், இருபது பேரோடு நடந்தது. லீவு கிடைக்காததால் முந்தின இரவு ஷிப்ட் முடித்து, குளித்து, புடவை கட்டிக்கொண்டு நேராக வந்தேன். அவருடைய அப்பா நாற்காலியில் உட்கார்ந்தபடியே தட்டைத் தொட்டுக் கொடுத்தார். அண்ணன் அதை இரண்டு கையாலும் வாங்கினார். மாற்றி முடித்த பிறகும் தட்டைக் கீழே வைக்காமல் பிடித்துக்கொண்டே நின்றார்.

கல்யாணத்துக்கு இன்னும் நாள் பார்க்கவில்லை. அவர் அப்பாவுக்கு உடம்பு கொஞ்சம் தேறட்டும் என்று இருக்கிறோம். நிச்சயத்தன்று மத்தியானம் வீட்டுக்கு வந்ததும், எப்படிமா இருக்கு என்று அண்ணி கேட்டார். சந்தோஷமா இருக்குண்ணி என்றேன். மெய்யாகவே அப்படித்தான் இருந்தது. அதற்குமேல் சொல்லத் தெம்பில்லாமல், புடவைகூட மாற்றாமல் படுத்துத் தூங்கிவிட்டேன்.