அரிசிப் பானையில் புதைத்த கடுதாசி

பிரெஞ்சுக்காரன் கொடி இறங்கிய மறுவருஷம், வில்லியனூரில் எங்கள் வீட்டுக்குப் பிரான்சிலிருந்து ஒரு கடுதாசி வந்தது. அப்பா அதற்காக மாதக்கணக்கில் காத்திருந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் போனவர் அவர். சண்டையில் பட்டாளம் சிதறி ஒரு பண்ணையில் ஒதுங்கியிருந்தபோது, ஜெர்மன்காரன் தேடிய ஒரு யூதப் பெண்ணையும் அவள் குழந்தையையும் வைக்கோல் பரணில் ஒளித்துக் காப்பாற்றினார். எழுதியிருந்தது அந்தப் பெண்தான்.

அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது; ஐந்தாவதோடு படிப்பை விட்ட எனக்கோ பிரெஞ்சு வராது. மாதா கோயில் சாமியார்தான் படித்துச் சொல்ல வேண்டும். என் பயமே அதுதான். சேசுநாதரைக் கொன்றவர்கள் யூதர்கள் என்று பெரிய வெள்ளிதோறும் கேட்டு வளர்ந்தவள் நான். அப்பாவுக்கோ நெஞ்சு நோய் முற்றியிருந்தது. விஷயம் தெரிந்தால் சாமியார் கல்லறையில் இடம் தரமாட்டாரோ என்று பயந்து, கடுதாசியை அரிசிப் பானைக்குள் புதைத்துவிட்டேன்.

"கடுதாசி இன்னும் வரலியாடி?" என்று அப்பா தினமும் கேட்பார். பத்தாம் நாள் பொய் சொல்லி அலுத்துப்போய், எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"அடி பைத்தியமே, சேசுநாதரே யூதர்தாண்டி. மாதாவும்தான்" என்று சிரித்தார். சிரிப்பு இருமலாகி, நிற்க நேரமாயிற்று.

"ஜெர்மன்காரன் கண்டுபுடிச்சிருந்தா உன்ன இன்னா பண்ணியிருப்பான்பா?"

"சுட்டிருப்பான்."

"பயமா இல்லியா?"

"இல்லாம? தெனமும் கை நடுங்கிக்கினேதான் அதுங்களுக்கு சூப்பு எடுத்துக்கினு போனேன்."

பானையிலிருந்து கடுதாசியை எடுத்துத் தவிட்டைத் தட்டினேன். சாமியார் வீட்டுக்கு நடக்கும்போது என் கையும் நடுங்கிக்கொண்டுதான் இருந்தது.